ருசியும் வேண்டும், எடையும் குறைய வேண்டும்

(நம் அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எடை குறைப்பதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் இன்னும் ஒல்லியாகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் 86 கிலோ இருந்தேன், இப்போது 71 கிலோ. என் உயரத்துக்கு இதுவும் கூடுதல்தான். ஆனால் இந்த இருபது மாதத்தில் பிரியாணியை விடவில்லை, தாளிச்சாவை விடவில்லை, அடுப்படியை விட்டும் ஓடவில்லை. அதனால்தான் பேசச் சம்மதித்தேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் ஆணத்துக்கு உப்புப் பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சர்க்கரை இருந்தது, கனத்த உடம்பு. ஒருநாள் காலில் முள் குத்தியது தெரியவே இல்லை. உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. புண் பெரிதாகி முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் மவுத்தாகிவிட்டார்கள். எனக்கு மூன்று மாத சர்க்கரை 8.2 என்று வந்த அன்று அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழு பேருக்கு ஒருவர். இந்த ஹாலில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் முதலில் செய்தது தப்பு. சொந்தத்தில் ஒருவர் ஒரு பவுடர் கொடுத்தார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்கச் சொன்னார். ஆறாயிரம் ரூபாய் போனது. நாலு கிலோ குறைந்தது, முடியும் கொட்டியது, பவுடர் தீர்ந்ததும் ஐந்து கிலோ ஏறியது. எல்லோருக்கும் பிரியாணி பரிமாறிவிட்டு மூலையில் உட்கார்ந்து தம்ளரில் பவுடர் குடிப்பதைப் போல மனசுக்கு வேதனையானது ஒன்றும் இல்லை. அப்படி எத்தனை நாள் ஓடும்?

பிறகுதான் எண்ணெயை அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதம் ஏழு லிட்டர். பலசரக்குக் கடைக் கணக்கு நோட்டைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர், கூடிப்போனால் அறுநூறு மில்லி போதும் என்கிறார்கள். நாங்கள் ஆளுக்கு ஒண்ணேகால் லிட்டருக்கு மேல். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் அதில் ஒன்றுதான். செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறையாது. இப்போது மூன்று லிட்டரில் நிற்கிறோம். நாலு லிட்டர் மிச்சம் என்றால் ஆளுக்கு 800 மில்லி. பொரித்துக் கொட்டியது போகப் பாதி என்று வைத்தாலும், மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. நான் பட்டினி கிடக்காமலே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கிலோ இதிலேயே போயிருக்கிறது.

எப்படிக் குறைத்தேன் என்பதைத்தான் கேட்பீர்கள். குப்பியிலிருந்து சட்டியில் சாய்ப்பதை நிறுத்தினேன். மாத எண்ணெயை நாலு வாரத்துக்குப் பிரித்து நாலு பாட்டிலில் ஊற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வேண்டுமென்றால் வியாழக்கிழமை அப்பளம் பொரிக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறிக்குக் கால் லிட்டர் எண்ணெயும் அதன் மேல் நெய்யும் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது எண்ணெயும் நெய்யும் சேர்த்து 150 மில்லி. வெங்காயத்தை உப்புப் போட்டு மூடி, சிறு தீயில் வதக்கினால் அதன் தண்ணீரிலேயே வேகும்; கடைசியில்தான் எண்ணெய் கேட்கும். நெய்யை முதலில் ஊற்றினால் வாசம் போய்விடும், தம் போடும்போது இரண்டு கரண்டி மேலே விட்டால் தெருவுக்கே மணக்கும். ஏலக்காய்க்கு நமக்கென்ன பஞ்சம், போடியில் ஏலமே நடக்கிறது!

தாளிச்சாவுக்கு எலும்பை முதல் நாள் இரவே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஆடை கட்டியிருக்கும், அதை வழித்து எடுத்துவிடலாம். சாறு ருசி அப்படியே இருக்கும். கத்தரிக்காய், சுரைக்காய், மாங்காய் இரண்டு பங்கு. தட்டில் முதலில் தாளிச்சாவும் பச்சடியும், பிறகு பிரியாணி. முதலில் பிரியாணியை வைத்தால் கை நிற்காது, என் கை நிற்காது.

ஆணத்தைக் கெட்டியாக, எண்ணெய் மிதக்க வைத்தால்தான் கௌரவம் என்று நமக்கு ஒரு நினைப்பு. கறி சமைத்தால் தண்ணீரைக் கூட்டி ஆணத்தைப் பெருக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காகச் சொன்னது. எனக்கு இடுப்புக்கும் உதவியது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு என்ற ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு மூன்றாவது தடவை சோறு வாங்குகிறோம்.

அடுப்பை விடக் கஷ்டமானது பரிமாறுவது. "இன்னும் கொஞ்சம் வச்சுக்கம்மா" என்று மாமி கரண்டியை நீட்டினால் மறுப்பது எப்படி? நான் மெலிய ஆரம்பித்ததும் மாமி கேட்டது, "என்ன இவ வத்திப் போறா, ஏதும் சீக்கா?" வேண்டாம் என்று சொன்னால் பாசத்தையே வேண்டாம் என்றதாக ஆகிவிடுகிறது. நான் கண்டுபிடித்த வழி, மாமியிடமே கேட்பதுதான். "மாமி, நீங்க ஒரே தடவை வையுங்க, நீங்க வச்சதை மிச்சம் வைக்காம சாப்பிடுறேன்" என்றேன். இப்போது மாமிதான் மற்றவர்களைத் தடுக்கிறார், "அவளுக்கு வைக்காதீங்க" என்று. சில நாள் கோபமும் வருகிறது எனக்கு.

நம் நன்னிமாக்கள் நெய் ஊற்றித்தானே சாப்பிட்டார்கள் என்பார்கள். சாப்பிட்டார்கள். அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் ஆட்டினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், கறி பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும்தான். இன்றும் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். அவர்கள் சாப்பிடுகிற சோற்றை மிக்ஸி வைத்திருக்கிற நான் சாப்பிட முடியாது.

அதனால் ஃபஜ்ருக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். ஆடிக் காற்றில் புர்கா பாய்மரம் மாதிரி இழுக்கும், சிரித்துக்கொண்டே நடப்போம். ஆனால் நடையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் நடந்து செலவழிப்பதை ஒரு பரோட்டா திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்று 250, 300 கலோரி வரும், சால்னா தனி. ராத்திரி பத்து மணிக்குக் கடையிலிருந்து பார்சல் வாங்கி வருகிற ஆண்கள் காதில் இதைப் போட்டுவையுங்கள்.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்ட நோன்புக் கஞ்சி நல்ல உணவு. எடை ஏறுவது கஞ்சியால் அல்ல, கூட வருகிற வடை, சமோசா, கலர் சர்பத்தால். நான் கஞ்சி, பேரீச்சம்பழம், ஒரே ஒரு வடை என்று வைத்துக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரமளானோ திங்கள் வியாழன் நோன்போ, மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்குவது ஆபத்து. எடை குறையும்போது மாத்திரை அளவையும் மாற்ற வேண்டிவரும். எனக்கு மாற்றினார்கள், இப்போது 6.6. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், மருந்தும் தருகிறார்கள். கதவைத் திறங்கள்.

பன்னீர் திராட்சை சாப்பிடலாமா என்று ஒரு சகோதரி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பத்துத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நாம் சாப்பிடாமல் யார் சாப்பிடுவது? ஒரு கைப்பிடி, பழமாக. ஜூஸ் வேண்டாம், ஒரு தம்ளருக்குள் அரைக் கிலோ பழத்தின் இனிப்புப் போய்விடும்.

இன்னொரு சீட்டு, பெருநாள் சேமியா. சாப்பிடுவேன், ஒரு கிண்ணம், நெய்யில் வறுத்த முந்திரியோடு. மறுநாளைக்கு மட்டும் வீட்டில் மிச்சம் வைத்துக்கொள்வதில்லை, அன்று மாலையே மஹல்லாவில் கொடுத்துவிடுவோம். வீணாகக் கூடாதே என்று மிச்சத்தைத் தின்று தீர்த்தே நான் பாதி எடை ஏறியவள்.

இஞ்ச் டேப் கொண்டுவந்திருக்கிறேன். பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், ஆண்களுக்கு 90. விருப்பமுள்ளவர்கள் உள் அறைக்கு வாருங்கள், அளந்து உங்கள் கையிலேயே எழுதித் தருகிறேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன். வஸ்ஸலாம்.