கெட்டில் கணக்கு

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் காலை நேரத்தில் பல வீடுகளில் கோப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு என்ன செலவாகிறது?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால், கொதிக்க இன்னும் 72 டிகிரி. பெருக்கினால் 302 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். யூனிட் 40 காசு என்று வைத்தாலும் மூன்றரைக் காசுகூட ஆகாது. 2,000 வாட் கெட்டிலுக்கு இரண்டரை நிமிட வேலை; சூடு கொஞ்சம் வெளியே போவதால் மூன்று நிமிடம் பிடிக்கலாம்.

வீண்செலவு அதற்குப் பிறகுதான். கொதித்த அந்த லிட்டர் முழுதும் ஆவியாக 2,257 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கு மேல்! மின்கெட்டில் தானே அணைந்துவிடும். கேஸ் அடுப்பு அணையாது. தளதளவென்று எவ்வளவு கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, முட்டையும் சீக்கிரம் வேகாது. தோட்டத்து லயங்களில் ரப்பர் விறகு எரித்த பாட்டிமாரிடம் கேளுங்கள், கொதி வந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துவிடுவார்கள்.

இதே கணக்கில், எண்ணெய்க் குளியலுக்கு 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 11 காசு. மூன்றே சொச்சம் லிட்டரைக் கொதிக்கவைத்து விளாவினாலும் அதே 11 காசுதான்.