நார்ச்சத்தும் குடல் அழற்சி நோயும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு மருத்துவ முகாமில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். கீரை, வாழைத்தண்டு, தோலோடு பழம் என்று நார்ச்சத்தை நிறையச் சாப்பிடுங்கள், வயிறு சுத்தமாகும் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருந்தோம். அதை நம்பி வாழைத்தண்டுப் பொரியலை மூன்று நாள் சாப்பிட்ட சகோதரி ஒருவருக்கு வயிறு உப்பி, வாந்தி எடுத்து, குடல் அடைப்பென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கிரோன்ஸ் நோய். சிறுகுடலில் ஓரிடம் சுருங்கியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் அறுவைச் சிகிச்சை இல்லாமலே குணமானார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர், "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

குடல் அழற்சி நோய் இரண்டு வகை. ஒன்று பெருங்குடலின் உட்சுவரில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இன்னொன்று கிரோன்ஸ். 1932-இல் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவரான கிரோனின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடற்சுவரின் ஆழம் வரை போகும். ஆறும்போது தழும்பு விழுந்து குடல் குறுகிவிடுவதும் உண்டு. இரண்டும் தொற்று நோயல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. நம் ஊரில் ஒரு சிக்கல் என்னவென்றால், இரத்தம் போனால் மூலம் என்று தாமாகவே முடிவு கட்டி வருடக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிடுகிறார்கள். கிரோன்ஸ் நோயையும் குடல் காசநோயையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினம். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, இரத்தம், எடை குறைவு இருந்தால் குடல் மருத்துவரிடம் போங்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமே என்று பெண் பிள்ளைகளின் நோயை மறைக்காதீர்கள்.

இனி நார்ச்சத்துக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைதா பரோட்டாவும் பிரியாணியுமாகப் போகும் நாளில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. நாரை நம் குடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நாரே போகாவிட்டால் அந்தச் சுவர் பட்டினி கிடக்கும்.

முன்பெல்லாம் இந்த நோயாளிகள் எல்லோரையும் காய், பழம் பக்கமே போகாதே என்பார்கள். அப்படிப் பயந்து வெறும் கஞ்சியும் ரொட்டியுமாக நாள் கடத்தி மெலிந்துபோன பிள்ளைகளை எங்களிடம் உதவி கேட்டு வரும் வீடுகளில் பார்க்கிறோம். இப்போது மருத்துவர்கள் அப்படிப் பொதுவாகத் தடுப்பதில்லை. நோய் அடங்கியிருக்கிறது, குடலில் சுருக்கமும் இல்லை என்றால், காயும் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம். நோய் பொங்கி நிற்கும்போதும், சுருக்கம் இருக்கும்போதும்தான் கட்டுப்பாடு.

நாரிலும் இரண்டு உண்டு. தண்ணீரில் கரைந்து கூழாகும் நார் ஓட்ஸ், கேரட், வெந்தயம், இசப்கோல் போன்றவற்றில் இருக்கிறது. இது குடலுக்கு இதமானது. கரையாத நார் என்பது சக்கை. வாழைத்தண்டு, முருங்கைக்காயின் சக்கை, கீரைத் தண்டு, சோளம், ஆரஞ்சுச் சுளையின் தோல், கொய்யா விதை எல்லாம் சுருக்கம் உள்ளவருக்கு அடைப்பாக முடியலாம். அவர்கள் சுரைக்காய், பூசணி, கேரட்டைத் தோல் சீவி, நன்றாகக் குழைய வேக வைத்து மசித்துச் சாப்பிடலாம். மென்று சாப்பிட வேண்டும். நம் வலீமா வேகம் கூடாது!

1999-இல் ஸ்பெயினில் ஓர் ஆய்வு வெளியானது. நோய் அடங்கியிருந்த கொலைட்டிஸ் நோயாளிகள் நூற்றுச் சொச்சம் பேரில், இசப்கோல் இனத்து விதை சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான மெசலமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஓராண்டில் நோய் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவுதான். இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். அது சிறிய ஆய்வு. மருத்துவரைக் கேட்டு மருந்தோடு சேர்த்து, ஒரு டீஸ்பூனில் தொடங்கி, நிறையத் தண்ணீருடன் சாப்பிடலாம். சுருக்கம் உள்ளவர்கள் தாமாகத் தொடவே கூடாது. நம் பாட்டிமார்களின் பழைய சோற்றையும் விட்டுவிட வேண்டாம். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காமல் நாரைப் போலப் பெருங்குடல் வரை போகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் இதைக் குடல் நோயாளிகளிடம் ஆராய முனைந்தார்கள்.

ரமலானைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். நோய் பொங்கியிருப்பவருக்கு நோன்பில் சலுகை உண்டு, பிடிவாதம் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை நோன்புக்காகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நோய் அடங்கியிருப்பவர் மாதம் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பு திறக்க நம் பள்ளிவாசல் கஞ்சி நல்லதே. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் குழைய வெந்திருக்கும். கூட வரும் வடையையும் சமோசாவையும்தான் நாம் தள்ளி வைக்க வேண்டும்.

பழைய பிரசுரம் வீட்டில் இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். புதியதை மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறோம், வாசலில் இருக்கிறது. அழற்சி நோய் உள்ளவர்கள் ஸ்கேன், கொலனோஸ்கோப்பி அறிக்கையோடு வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். சகோதரிகளுக்குத் தனி அறை உண்டு.