அந்நியர் மொழியிலும் ஆறுதல்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





நீங்கள் அனுப்பும் காணிக்கையில் பெரும்பங்கு மருந்துக்கும் படுக்கைக்கும் செல்கிறது. ஒரு சிறு பங்கு நோயாளிகளை ஆற்றுப்படுத்தும் ஊழியத்துக்கும், அவர்கள் மொழியில் பேசி உதவுகிறவர்களுக்கும் செல்கிறது. "ஜெபம் செய்தால் போதாதா, ஐயா? பேச்சுக்கு எதற்குச் செலவு?" என்று சில சபைகளில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கே இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மரித்தார்கள். மருத்துவரான அவருடைய தகப்பனார் அந்த வீட்டிலேயே இருந்தார், மருந்தும் இருந்தது. ஆனால் ஓர் ஆண் மருத்துவர் தங்கள் மனைவியரைத் தொட அந்தக் கணவர்களின் வழக்கம் இடம் தரவில்லை. ஐடா அம்மையார் அந்த மக்களைத் திட்டிக்கொண்டு நின்றுவிடவில்லை. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-ல் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், நோயாளியின் பண்பாடு என்னும் வாசல் வழியாகத்தான் அது உள்ளே போக முடியும் என்பதை அந்த இரவு நமக்குக் கற்றுத்தருகிறது.

பண்பாடு என்றால் உடை, உணவு, பண்டிகை மாத்திரம் அல்ல. நோய் எதனால் வந்தது? யார் முன்னால் அழலாம்? வீட்டில் முடிவெடுப்பவர் யார்? சாவைப் பற்றி வாய் திறக்கலாமா? இவற்றுக்கு ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் விடைகளே பண்பாடு. நமக்கும் அப்படிப்பட்ட விடைகள் உண்டு. அம்மை கண்டால் இன்றும் நம்மில் எத்தனை பேர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறோம்! "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று எத்தனை பிள்ளைகள் எங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள்!

ஒவ்வொரு மனிதனும் சில காரியங்களில் எல்லா மனிதரையும் போலிருக்கிறான், சிலவற்றில் தன் கூட்டத்தாரைப் போலிருக்கிறான், சிலவற்றில் வேறு எவரையும் போலில்லை என்ற கருத்தை கிளக்கான், மரே என்னும் அறிஞர்கள் 1948-ல் எடுத்துரைத்தார்கள். இந்த மூன்றையும் நாங்கள் வார்டில் காண்கிறோம். மரண பயம் எல்லாருக்கும் பொது. தாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டுமென்பது இஸ்லாமியக் குடும்பத்தாரின் முறை. ஆனால் இந்தப் படுக்கையிலிருக்கும் இந்தத் தாய் எதற்காக அழுகிறார் என்பதை அவரிடம்தான் கேட்டறிய வேண்டும். "வங்காளத்தார் இப்படி, ஆதிவாசிகள் அப்படி" என்று முன்கூட்டியே முத்திரை குத்தினால், அந்த ஆளை நாம் பார்க்கவே இல்லை என்றாகிவிடும்.

ஜார்க்கண்டிலிருந்து சந்தாலி பேசும் ஒரு தாய், இரத்தப் புற்றுநோய் கண்ட தன் மகனோடு வந்திருந்தார். முதற்கட்டச் சிகிச்சை முடிந்ததும் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிவிட்டார். அந்த நோய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மருந்து தொடர வேண்டும், நடுவில் விட்டால் திரும்பி வரும் ஆபத்து அதிகம். மருத்துவர்கள் இந்தியில் எடுத்துச் சொன்னபோது தலையாட்டினார், ஆனால் மூட்டையை அவிழ்க்கவில்லை. சந்தாலி தெரிந்த செவிலியர் மாணவி ஒருவரை அழைத்து வந்து அருகே உட்கார்ந்தோம். நோயாளியின் சொந்த விளக்கத்தைக் கேட்கும்படி ஆர்தர் கிளைன்மன் என்னும் மனநல மருத்துவர் வகுத்த வழியில் கேட்டோம். இந்த நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? எதற்கு அதிகமாகப் பயப்படுகிறீர்கள்?

அப்பொழுதுதான் விஷயம் வெளியே வந்தது. பையனின் நோய்க்கு அவனுடைய சித்தியே காரணம், அவள் சூனியக்காரி என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. அவளுக்கு ஆதரவாகப் பேச ஊரில் ஒருவரும் இல்லையென்றுதான் இந்தத் தாய் துடித்தார். அது வீண் பயமல்ல. அப்படிப் பழி சுமத்துவதைத் தடுக்க ஜார்க்கண்டில் 2001 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

வீட்டில் மூத்தவரான தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்தோம். இந்த நோய் எந்த மனிதராலும் ஏவப்பட்டதல்ல என்று மருத்துவர் சொல்ல, மாணவி அதை அவர் மொழியில் சொன்னார். பெரியவர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "ஊர்க்கூட்டத்தில் நான் பேசுகிறேன், மருமகள் அங்கேயே இருக்கட்டும்" என்றார். பையனுக்குச் சிகிச்சை தொடர்கிறது. ஊரில் அந்தச் சித்தியும் பத்திரமாக இருக்கிறார். அன்று எங்களுக்கு உதவியது அந்த மாணவியின் நாவும், உட்கார்ந்து கேட்ட ஒரு மணி நேரமும்தான்.

அப்படியானால் பண்பாடு என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதா? இல்லை. தாத்தாவை மூத்தவராக மதித்தோம், சூனியப் பழியை மதிக்கவில்லை. பெண் பிள்ளைக்குச் செலவு எதற்கு என்பதையும், பக்கத்துப் படுக்கையில் இன்ன சாதியார் வேண்டாம் என்பதையும் பண்பாடென்று ஒத்துக்கொள்ள முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மதம், பண்பாடு, சாதி எதன் பேரிலும் மனநோயாளிக்குப் பாகுபாடு காட்டக்கூடாதென்கிறது. மனிதனைத் தாங்கும் வழக்கத்தைத் தாங்குவோம், மனிதனை நசுக்கும் வழக்கத்தை அன்போடு எதிர்ப்போம்.

இன்னொன்று தாழ்மை. 1998-ல் டெர்வலன், மரே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள், பிறர் பண்பாட்டைக் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்ற எண்ணத்தைக் காட்டிலும், ஆயுள் முழுதும் கற்றுக்கொள்ளும் தாழ்மையே தேவை என்று எழுதினார்கள். படுத்திருப்பவருக்கும் நின்றிருப்பவருக்கும் இடையே அதிகாரத்தில் வித்தியாசம் உண்டு. சிலுவை அணிந்த போதகர் "ஜெபிக்கட்டுமா?" என்றால், இலவசச் சிகிச்சை பெறும் ஏழை "வேண்டாம்" என்று சொல்லத் துணிவாரா? ஆகவே, ஜெபம் வேண்டாமென்றாலும் சிகிச்சையில் ஒன்றும் குறையாது என்று முதலில் சொல்லிவிட்டே கேட்கிறோம். சிலர் வேண்டாமென்கிறார்கள், அவர்களோடும் அமர்ந்திருக்கிறோம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல ஆறுதல்காரர்களாகவே இருந்தார்கள் அல்லவா!

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் எல்லாரையும் ஒரே மொழிக்குக் கொண்டுவரவில்லை. பல தேசத்தாரும் அவரவர் தாய்மொழியிலே கேட்கும்படி செய்தார். அன்புக்குரியவர்களே, பேச்சுக்கு எதற்குச் செலவு என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுவே: கேட்பதும் மருத்துவம்தான். வங்காளம், சந்தாலி, நேபாளி பேசி உதவ இன்னும் ஆட்கள் தேவை. உங்கள் சபைகளில் இம்மொழிகள் அறிந்த வாலிபர் இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள். ஜெபத்தில் எங்களை நினைத்தருளுங்கள், காணிக்கையால் தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.