தோட்டத்து நால்வருக்கு ஒரு மெட்டு

புதிதாக இசை எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கான உரை இது. சினிமாப் பாட்டு அல்ல, நூறு பேர் வாசிக்கும் சிம்பொனியும் அல்ல. நாலைந்து பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, முன்னால் நின்று கையசைக்க ஆளில்லாமல், ஆளுக்கொரு பகுதியாக வாசிக்கிற சேம்பர் இசை. கேமரன் மலைத் தோட்டங்களில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த இசையின் ஒரு வேர் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில்தான் இருக்கிறது.

1750களில் ஆஸ்திரியாவில் ஃபூர்ன்பெர்க் என்று ஒரு பிரபு இருந்தார். வைன்சியர்ல் என்ற ஊரில் அவருக்குப் பெரிய பண்ணை. சாயங்காலம் ஆனால் அவருக்கு இசை வேண்டும். வியன்னாவோ தூரம். அக்கம்பக்கத்தில் யார் வாசிப்பார்கள் என்று பார்த்தார். ஊர்ப் பாதிரியார் வாசிப்பார். பண்ணை மேனேஜர் வாசிப்பார். ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்று ஒருவர் செல்லோ வாசிப்பார். நாலாவது ஆள், வியன்னாவில் பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன். இந்த நாலு பேரும் வாசிக்கும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார் பிரபு. இளைஞன் எழுதினான். அவன் பெயர் ஜோசப் ஹைடன். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற நால்வர் இசைக்கு உலகம் தந்தை என்று கொண்டாடுகிறவர். கடைசிவரை அந்த வகையில் 68 படைப்புகள் எழுதினார். முதியவரான ஹைடனைச் சந்தித்துப் பேசிய கிரீசிங்கர், 1810இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதையைப் பதிந்து வைத்தார்.

துரை, மேனேஜர், சாமியார் என்ற இந்த வரிசை தேயிலைக் காட்டில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933இல் பாரத் தேயிலை வந்தபோதும், கிராணி, மண்டோர், லயத்து வீடு என்று அதே ஏணிதான். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஹைடனின் நால்வரில் மண்ணைக் கொத்திய ஆள் ஒருவரும் கிடையாது. இன்று அந்த நாலு நாற்காலியும் யாருக்கும் திறந்தவை.

ஆக, கற்றுக்கொள்பவர் முதலில் வாங்க வேண்டியது புத்தகம் அல்ல, கணினி அல்ல. ஆட்களைத் தேட வேண்டும். தானா ராத்தாவில் கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒன்று, கோயிலில் புல்லாங்குழல் வாசிக்கும் அண்ணன் ஒருவர், உறுமி மேளக் குழுவில் ஒரு தம்பி, தோட்டத்தில் வேலை பார்க்கும் நேபாளத்துக்காரர் மாதல் தட்டத் தெரிந்தவராக இருந்தால் அவரும். இது என்ன கலவை என்று மேற்கத்திய இசை படித்தவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் பதில் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் சிக்கி, கெர்லிட்ஸ் கைதி முகாமில் அடைபட்டவர் அவர். உடன் இருந்த கைதிகளில் ஒருவர் கிளாரினெட், ஒருவர் வயலின், ஒருவர் செல்லோ. மெசியானுக்குப் பியானோ. இருந்ததை வைத்து எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு படைப்பை முடித்து, 1941 ஜனவரி 15 அன்று கைதிகள் முன்னிலையில் வாசித்தார்கள். இன்று உலக மேடைகளில் அதே நாலு கருவிகளோடுதான் வாசிக்கப்படுகிறது.

ஆள் கிடைத்துவிட்டது. அடுத்து மெட்டு. இங்கே தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. வயலினோ கீபோர்டோ பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஸ, ரி, க, ப, த. ஐந்தே சுரம். ஒன்றோடொன்று ஒட்டி உரசுகிற அரைச்சுர இடைவெளி இதில் எங்கும் இல்லை. அதனால் இரண்டு பேர் வேறு வேறு சுரத்தில் நின்றாலும் காது கூசாது. முதல் முயற்சிக்கு இதைவிடப் பத்திரமான ராகம் கிடைப்பது அரிது. ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு மெட்டு போதும். அதைக் குழலுக்குக் கொடுங்கள். ஓர் ஆவர்த்தனம் கழித்து அதே மெட்டை வயலினோ கீபோர்டோ தொடங்கட்டும். ஒருவரை ஒருவர் துரத்துவது போல ஒலிக்கும். முதல் நாளே குழுவுக்கு உற்சாகம் வந்துவிடும்.

துரத்தல் அலுத்த பிறகு இரண்டாவது குரலைத் தனியாக எழுதிப் பார்க்கலாம். ஹைடன் இதை யோகான் ஃபுக்ஸ் 1725இல் எழுதிய பாடநூலை வைத்துத் தானே கற்றார். அதில் முதல் பயிற்சி, ஒரு சுரத்துக்கு எதிரே ஒரே ஒரு சுரம். மெட்டு ஏறும்போது எதிர்க்குரலை இறக்குங்கள், அது இறங்கும்போது இதை ஏற்றுங்கள். இரண்டும் கைகோத்து ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தால் காது அதை ஒரே குரல் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஆள் உட்கார்ந்திருப்பதே வீண்.

நுட்பம் இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் இந்த உரையின் மனம் நிற்கிற இடம் மயிலாப்பூர். 1968இல், 25 வயதில், பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்கச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். முதலில் மெட்டமைத்தது, நேரு மறைவுக்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு. அவர் இளையராஜாதான். வயதாகிவிட்டதே என்று தயங்கும் நேயர்கள் அந்த 25ஐக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

1986இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஓர் உருப்படியின் பெயர் 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. திருவையாற்றுக்காரரை ஐரோப்பியக் கூடத்துக்குள் அழைத்து உட்காரவைக்கிற துணிச்சல் பெயரிலேயே இருக்கிறது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற இன்னொன்றில் பாக்கின் ஈ மேஜர் வயலின் பார்ட்டிட்டா வந்து போகிறது. கற்றுக்கொள்கிறவர்கள் ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு தடவை வயலினை மட்டும், அடுத்த தடவை கீழே போகும் செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து கேட்க வேண்டும். அதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் வராது.

அந்தத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். 1993இல் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொடங்கினார். கர்நாடகக் கீர்த்தனைகளை ஹைடனின் அதே நாலு கருவிகளில் வாசிக்கும் குழு. நம் இசையில் சுரம் அசையும், வழுக்கும். நாலு பேரும் சேர்ந்து அசைத்தால் குழம்பிவிடும். நரசிம்மனின் வழி எளிது. முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிக்கும். மற்ற மூன்றும் கீழே ஹார்மனி பிடிக்கும். மோகனத்தில் எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒருவர் அசைக்கட்டும், மற்றவர்கள் நேராக நிற்கட்டும்.

உறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலுக்கு நிலையான சுருதி இல்லை. ஆகவே அதை மெட்டோடு மோதவிடாமல், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் தனியாகப் பேசவிடுங்கள். குழல்காரருக்கு மூச்சு வாங்க இடம் விடுங்கள். வயலினுக்கு நடு ஸ்தாயி 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி' சுரம்தான் அடிமட்டம்; அதற்குக் கீழே எழுதினால் வாசிக்கக் கம்பி கிடையாது. மலைக் குளிரிலும் ஈரத்திலும் சுருதி நகரும், வாசிக்கும் முன் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக் கடிகாரம் முறைக்கிறது. மியூஸ்கோர் என்ற இலவச மென்பொருள், ஒத்திகை, அழித்து எழுதுவது எல்லாம் இன்னொரு நாளைக்கு. ஆட்களைப் பிடியுங்கள், மோகனத்தில் நாலு ஆவர்த்தனம் எழுதுங்கள், எதிர்த்திசையில் ஒரு குரல் சேர்த்து அவர்களையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரும் தீபாவளிக்குள் ரிங்லெட்டிலிருந்தோ ஹாபுவிலிருந்தோ சுங்கை பாலாசிலிருந்தோ ஐந்து நிமிடப் பதிவு ஒன்று இந்த நிலையத்துக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம். யார் யார் என்ன வாசித்தார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், நேயர்களே.