வகுப்பறையில் ஒரு சிரிப்பு



காவிரிக் கரையிலுள்ள மோகனூரைப் பற்றிப் பேசுவோர், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888இல் அங்கே பிறந்தார் என்று தொடங்குவது வழக்கம். ஆனால் அவ்வூரின் பெயரைக் கேட்டால் என் நினைவுக்கு வருபவர் கவிஞர் அல்லர்; அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற ஒரு மாணவன்.

அவன் செய்யுள் ஒப்பித்தால் சீர் பிரிந்து இனிமையாக ஒலிக்கும். நடை சற்று மென்மையானது. பேசும்பொழுது கைகளும் உடன் பேசும். அவன் செய்த குற்றம் அவ்வளவே. அதற்காகப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பெண் பெயரைச் சூட்டினார்கள். ஒரு நாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நான் படித்ததும், பின்வரிசையிலிருந்து அந்தப் பட்டப்பெயர் எழுந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆசிரியரே சிரித்துவிட்டால் ஏளனத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்துவிட்டது என்றுதானே பொருள்? அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவன் வரவில்லை.

அவன் யாராக வளர்ந்தான் என்பதை நான் அறியேன். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தம் உள்ளத்தோடு பொருந்தாதவரைத் திருநர் என்கிறோம். தம் பாலினத்தாரிடமே காதல் கொள்வோர் தன்பாலீர்ப்பினர். இரண்டும் வேறு வேறு. மென்மையான நடைக்கு இவ்விரண்டில் எதனோடும் உறவு இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் ஏளனம் இவற்றையெல்லாம் ஆராய்ந்து பார்த்தா வருகிறது?

தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. எனினும் என்னை நாணச் செய்தது வேறொரு வழக்கு. ஒருவரையொருவர் நேசித்த இரு இளம் பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலர் ஒருவரிடம் பாடம் கேட்டார்! உயர் நீதிமன்ற நீதிபதி மாணவராக அமர்ந்தார். எனக்கோ அன்று கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. 2021 ஜூன் 7இல் அவர் பிறப்பித்த ஆணை, பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியே பெற்றோருக்கு எடுத்துரைத்தல், பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வழி எனப் பள்ளிகளையும் தொட்டது. இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கூடுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர் உண்டு. சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாசினியின் காவல் துறை விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டது, ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அவர் அடங்காமையாலே. 2015இல் உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017இல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார்.

பின்வரிசை நண்பர்களே, பட்டப்பெயர் பிறப்பது உங்களிடத்தில்தான். ஒருவன் சிரிக்காமலிருந்தால் அடுத்தவனுக்கும் சிரிப்பு வருவது கடினம். இதை நான் நூலிலிருந்து கற்கவில்லை.

அந்தப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். நின்ற காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘குடும்ப வறுமை’ என்று எழுதினேன்.