சதுரமும் சுவரும்



ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது எளிதன்று. கண்ணுக்குரிய பொருளைக் காதின் வழியே தருதல் வேண்டும். ஆயினும், இன்று நான் எடுத்துக்கொண்ட ஓவியத்தைப் பொறுத்தவரை அவ்விடர்ப்பாடு மிகுதியாக இல்லை. நான் சொல்லச் சொல்ல நீங்களே அதனைத் தாளில் வரைந்துவிடலாம்.

ஒரு சதுரம். அதனுள் சற்றுச் சிறிய சதுரம். அதனுள் இன்னும் சிறியது, அதனுள்ளும் ஒன்று. ஆக நான்கு சதுரங்கள், நான்கு வண்ணங்கள். மரமில்லை, மலையில்லை, மனித முகமில்லை. இத்தகைய ஓவியங்களை ஆயிரத்திற்கு மேல் தீட்டியவர் ஜோசப் ஆல்பர்ஸ் என்பவர். அவ்வரிசைக்கு அவர் இட்ட பெயர் 'சதுரத்திற்கு வணக்கம்' என்னும் பொருளுடையது.

இவர்பால் எனக்குத் தனிப்பற்று உண்டு. காரணம், இவரும் ஒரு பள்ளி ஆசிரியர். 1888-இல் செருமனியில் போட்ராப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர். ஆல்பர்ஸ் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். பின்னர், தம் முப்பத்திரண்டாம் வயதில், பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியரானார். 1933-இல் நாட்சி அரசின் நெருக்கடியால் அப்பள்ளி மூடப்பட்டது. நெசவுக் கலைஞரான தம் மனைவி ஆனியுடன் அவர் அமெரிக்கா சென்று, முதலில் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சதுர ஓவியங்களைத் தொடங்கியது அந்த 1950-இல்தான். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. நம்மவர் ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதி முடித்துவிடும் வயது! 1976-இல் மறையும் வரையில் அவர் அவ்வேலையை விடவில்லை.

வேலை செய்த முறையையும் கேளுங்கள். துணியின்மீது தீட்டாமல், மரநாரை அழுத்திச் செய்த பலகையின்மீது தீட்டினார். தூரிகைக்குப் பதிலாகச் சிறு கத்தி. குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைப் பெரும்பாலும் வேறெதனோடும் கலவாமல் பரப்பினார். எந்த வண்ணம், எவர் செய்தது என்பதைப் பலகையின் பின்புறத்தில் எழுதியும் வைத்தார். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வருவது அவர் வழக்கம். கதவுக்கு வண்ணம் பூசும்போது நடுவில் தொடங்கினால் சட்டைக் கை அழுக்காகாது என்று தந்தையார் கற்பித்த பாடம் அது.

"இதில் என்ன கலை இருக்கிறது? என் தம்பியும் செய்வானே!" என்று உங்களில் சிலர் எண்ணலாம். அது நியாயமான ஐயமே. சதுரம் வரைவதில் கலையில்லை. சதுரம் எவ்வளவு எளியதாக இருக்கிறதோ, அவ்வளவிற்கு நம் கண் வண்ணத்தின்மீது செல்லும். அதற்காகவே அவர் சதுரத்தை மேற்கொண்டார். வண்ணமோ நாம் எண்ணுவதுபோல் நிலையானதன்று. அண்டையில் எது இருக்கிறதோ அதற்கேற்பத் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்வது.

இவ்வுண்மை பழையது. பாரிசில் கோபெலின் என்னும் அரசு நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ருல் என்னும் வேதியியல் அறிஞர். நீலத்திற்கும் ஊதாவிற்கும் அருகில் நெய்த கறுப்பு நூல் சோபையற்றிருக்கிறது என்று அவரிடம் குறை கூறினர். அவர் ஆராய்ந்தார், சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நிறமே கறுப்பை மங்கச் செய்கிறது என்று கண்டார். 1839-இல் அதனை ஒரு பெருநூலாகவே வெளியிட்டார்.

இதனை நான் எட்டாம் வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் வைப்பேன். கறுப்பின்மேல் இருப்பது வெளிறியும், வெள்ளையின்மேல் இருப்பது இருண்டும் தோன்றும். "ஐயா, தாளை மாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு மாணவன் எழுந்தே நின்றுவிட்டான். அவனையே அழைத்து, இரு துண்டுகளையும் எடுத்து ஒட்டினாற்போல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான், மீண்டும் பழைய இடங்களில் வைத்தான், மீண்டும் எடுத்தான். மணி அடித்தும் அவன் இருக்கைக்குத் திரும்பவில்லை. ஆல்பர்ஸ் 1963-இல் வெளியிட்ட, வண்ணங்களின் ஊடாட்டம் பற்றிய நூல் இத்தகைய பயிற்சிகளாலேயே நிறைந்தது.

இனி வீட்டிற்கு வருவோம். அண்டை நிறம் வண்ணத்தை மாற்றுமாயின், படத்தின் சட்டம் யாது? அது ஐந்தாம் சதுரம். சுவர் யாது? அது ஆறாவது. பூவேலை செய்த பொன்முலாம் சட்டம் இட்டால், ஓவியர் எண்ணாத ஒரு வண்ணத்தை நாம் சேர்த்தவர்களாவோம். மெல்லிய சட்டமே தகும். வெள்ளைச் சுவரோ வெளிர்சாம்பல் சுவரோ நன்று. பச்சைச் சுவரில் சிவப்புச் சதுரம் தீயாய் எரியும். அதுவே உங்கள் விருப்பமாயின் தடையில்லை. ஆனால் அறிந்து செய்க. விளக்கும் இத்தகையதே. ஆல்பர்ஸ் வெதுமையான ஒளிதரும் குழல்விளக்கு, குளிர்ந்த ஒளிதரும் குழல்விளக்கு ஆகிய இரண்டின் கீழும் வைத்துத் தீட்டினார். பகலில் கண்ட மஞ்சள் இரவில் அதே மஞ்சளாக இராது.

நம் கூடங்களில் படங்கள் உத்தரத்தையொட்டி, சற்றே முன்சாய்ந்து, வரிசையாகத் தொங்கும். முன்னோர் படத்திற்கு அது பொருந்தும். அவர்களை அண்ணாந்து பார்ப்பது நம் மரபு. நாள்காட்டியும் கடிகாரமும் கூடிய அவ்வரிசையில் இச்சதுரத்தைச் சேர்த்தால் அது வாய் திறவாது. தனிச் சுவரில், கண்மட்டத்தில் வைக்க வேண்டும். தரையில் பாய்விரித்து அமரும் வீடாயின் இன்னும் தாழ்த்தலாம். இதனை நான் எந்த அருங்காட்சியகத்திலும் கேட்டறியவில்லை. உட்கார்ந்து பார்த்தே அறிந்தேன்.

விலைக்கு அஞ்சவும் வேண்டா. மெக்சிகோ நகரில் லூயிஸ் பாராகான் என்னும் கட்டடக் கலைஞர் 1948-இல் தமக்கெனக் கட்டிய வீடு 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் வரவேற்பறையில் ஆல்பர்சின் மஞ்சள் சதுரம் ஒன்று உள்ளது. அது மூல ஓவியமன்று, படியே! ஆயினும், அச்சில் நிறம் சிறிது பிறழ்ந்தாலும் இவ்வோவியத்தில் பாதி போய்விடும். ஆகவே, மலிவான அச்சுப்படம் வாங்குவதினும், நீங்களே வெட்டி ஒட்டுவதையே நான் விரும்புவேன்.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணத்தாளில் 20, 16, 12, 8 சென்டிமீட்டர் பக்கமுள்ள நான்கு சதுரங்கள். ஒவ்வொன்றையும் அடுத்த பெரியதன்மேல் ஒட்டும்போது கீழே 1, இருபுறமும் 2, மேலே 3 சென்டிமீட்டர் விடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்னும் இவ்விகிதமே ஆல்பர்சினுடையது. சரிநடுவில் ஒட்டினால் அம்பெய்யும் இலக்குப்போல் அசைவற்றுப் போகும். சற்றுக் கீழிறக்கினால், உள்சதுரம் ஒரு சமயம் முன்வரும், ஒரு சமயம் பின்வாங்கும். வண்ணத்தைப் பொறுத்தது அது.

கண்ணாடியிட்டால் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். சதுரத்திற்குப் பதில் சன்னலே தெரியும். மேற்கு வெயில் நேரே படும் சுவரும் ஆகாது. கடைத்தாளின் சிவப்பு விரைவில் வெளுத்துவிடும். வெளுத்தால் வேறு தாள் வெட்டுங்கள். அம்முறை, உள்ளே இருந்த வண்ணத்தை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து ஒட்டிப் பாருங்கள்.