வேர் நுனியைப் பாருங்கள், உரத்தை எடுங்கள்



மாடியிலும் பால்கனியிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இப்போது கடலோர ஊர்களில்கூடப் பெருகிவிட்டார்கள். செடி வாங்க வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "எத்தனை நாளைக்கு ஒருதரம் உரம் போடணும்?" என்பது. நான் திருப்பிக் கேட்பேன்: "வேர் நுனி என்ன நிறத்தில் இருக்குன்னு பார்த்தீங்களா?"

உங்கள் வீட்டில் வாண்டா ஆர்க்கிட் தொங்குகிறதென்றால் நாளைக் காலை தண்ணீர் விடுவதற்கு முன்னால் அதன் வேரைக் கிட்டத்தில் பாருங்கள். பென்சில் பருமனில், சாம்பல் கலந்த வெள்ளையாக நீண்டிருக்கும். அந்த வெள்ளை, வேரின் மேல் போர்த்திய செத்த செல்களின் உறை. ஒரு கை தண்ணீர் தெளித்ததும் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். நுனியில் மட்டும் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்துக்கு உறை இருக்காது. பளபளவென்று பச்சையாக, சில ரகங்களில் செம்பழுப்பாக, ஈரம் பூசியதுபோல் மின்னும். வேர் வளர்கிற இடம் அதுதான். அந்த நுனி மின்னும் வரை செடி உரத்தை ஏற்கும். நுனி வரைக்கும் வெள்ளை மூடிவிட்டால் வேர் ஓய்வில் இருக்கிறது. அப்போது கொடுக்கும் உரம் பெரும்பாலும் உப்பாக வெளியே தங்கிவிடும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இந்த நுனி. பூவைவிட இதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நம் சமவெளி மரங்களிலேயே, மாமரத்திலும் புளியமரத்திலும், ஒரு வாண்டா இயற்கையாக ஒட்டி வளர்கிறது. அதற்கு யார் உரம் வைத்தார்கள்? மழைநீர் பட்டையைக் கழுவி வரும்போது கொண்டுவருகிற தூசி, பறவை எச்சம், மக்கிய இலை, இவ்வளவுதான் அதன் சாப்பாடு. மிக நீர்த்த உணவு. அதுவும் மழை பெய்கிற காலத்தில் மட்டும். உர முறைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்த மரத்துச் செடிதான்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் கோடையில் நிறையக் கொடு, குளிர்காலத்தில் நிறுத்து என்று சொல்லும். அந்த அட்டவணையைச் சென்னையில் பின்பற்றினால் செடி திணறும். நமக்கு உரத்தைக் குறைக்க வேண்டிய காலம் இரண்டு: ஒன்று கத்திரி வெயில், இன்னொன்று அடைமழை.

ஒரு கத்திரி வெயில் நேரம், ஓர் அம்மா டென்ட்ரோபியம் ஆர்க்கிட் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வாரா வாரம் உரம் வைக்கிறேன், இப்படிக் காயுதே" என்றார். சட்டியில் நிரப்பிய கரித்துண்டுகள்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, மண்சட்டியின் ஓரத்திலும். வேர் நுனிகள் எல்லாம் கறுத்திருந்தன. அவர் வீட்டில் போர் தண்ணீர். தண்ணீரிலேயே உப்பு, அதன்மேல் உரத்தின் உப்பு, வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் மிஞ்சியது. "உரத்தைப் பூட்டி வையுங்கம்மா, காலையில் நல்ல தண்ணீரைச் சட்டியின் அடித்துளை வழியாக ஓடும்படி தாராளமாக ஊற்றுங்க" என்றேன். ஆடி பிறந்தபின் அடித்தண்டிலிருந்து புதுவேர் வந்திருக்கிறதென்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே பங்குனியிலேயே அளவைக் குறைக்கத் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில், முக்கியமாக மே மாதம் முழுவதும், தண்ணீரும் நிழலும் போதும்.

எனக்குப் பிடித்த பருவம் ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை. பகலில் வெயில், சாயங்காலம் இடையிடையே ஒரு மழை, காற்றில் ஈரம். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுக்குக் கீழே புதுக்கன்று முளைக்கும். கன்று வந்த அன்றே உரத்தை எடுக்காதீர்கள். அது முதலில் தாய்த்தண்டின் சேமிப்பில்தான் வளரும். அதற்குச் சொந்த வேர் எட்டிப் பார்த்ததும் தொடங்குங்கள். உரக்கடையில் 19-19-19 என்று கேட்டால் நீரில் கரையும் உரம் கொடுப்பார்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு வயல் பயிருக்கு உரியது. நமக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். வாரம் ஒருமுறை, காலை வெயில் ஏறுமுன். கரி நிரப்பிய சட்டியென்றால் முதலில் வெறுந்தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்து உரநீர். மாதம் ஒரு வாரம் உரமே இல்லாமல், படிந்த உப்பைக் கழுவ நிறையத் தண்ணீர் மட்டும். அந்த வாரத்தை மட்டும் தவற விடாதீர்கள், இது என் வேண்டுகோள்.

கடலைப் புண்ணாக்குக் கரைசல் விடலாமா என்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். ரோஜாவுக்குத் தாராளமாக விடுங்கள். ஆர்க்கிட் சட்டியில் அது கரி இடுக்குகளில் படிந்து காற்றோட்டத்தை அடைக்கிறது, நத்தையும் பூஞ்சணமும் சேர்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. திறந்த மாடியில் ஊற்றும் உரம் மழையோடு போய்விடும். கூடவே தழைச்சத்து மிகுந்து இலை மென்மையானால் குருத்தழுகல் எளிதில் பிடிக்கும். மழை விட்டு நாலைந்து நாள் வெயில் அடித்தால் மட்டும் ஒருமுறை, சாம்பல்சத்து கூடிய 13-0-45, அதே நீர்த்த அளவில். குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

மார்கழி, தை இரவுகள் குளிர்ந்ததும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பூந்தண்டு விடும். இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே சில வாரம் இருந்தால்தான் அது பூக்க நினைக்கும். மாசி முடியும் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரம் கொடுங்கள்.

நேயர்களே, நாள்காட்டியில் உர நாளைக் குறித்து வைத்திருந்தால் இருக்கட்டும். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஒருமுறை வேர் நுனியைப் பாருங்கள், மின்னினால் மட்டும் கொடுங்கள். வரும் தை மாதம் உங்கள் மாடியில் ஒரு பூந்தண்டாவது நீள வேண்டும் என்பது என் ஆசை.